சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எந்தக் கோழி?

பிரித்தானியாவில் பின்வளவோடு வீடு எடுத்த எங்கள் குடும்பங்கள் பல, ஊர் ஞாபகத்தில் நாலு கோழி வளர்த்துப் பார்ப்போமா என்று யோசிக்கின்றன. விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது "எது கூட முட்டை இடும்?" என்றுதான். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது இரண்டாவது கேள்வி. முதலில் பார்க்கவேண்டியது கோழியின் குணம்.

எங்கள் ஊர்க்கோழி வேறு சாதி. பகல் முழுக்க வளவெல்லாம் கிளறித் திரிந்துவிட்டு, இரவில் மரத்தில் ஏறிப் படுக்கும். கிட்டப் போனால் பறக்கும். குஞ்சோடு நிற்கும்போது நாயையே துரத்தும். கீரிக்கும் பருந்துக்கும் தப்பிப் பிழைக்க அந்தக் குணம் வேண்டும். இங்கே கம்பிவலைக்குள் மூன்று பேடுகளும், கையை வீசிக்கொண்டு ஓடிவரும் மூன்று வயதுப் பிள்ளையும் என்றால் அதே குணம் ஆபத்து. கண்ணுக்குக் கிட்ட ஒருமுறை கொத்து வாங்கிய பிள்ளை பிறகு கூட்டுப் பக்கமே போகாது. கோழி பெற்றோரின் தலையில் விழும்.

எங்களைக் கேட்டால் முதலிடம் ஓர்பிங்டனுக்கு. கென்ற் மாகாணத்து ஓர்பிங்டன் ஊரில் வில்லியம் குக் என்பவர் 1886இல் கறுப்பு நிறத்தில் உருவாக்கிய இனம் இது. இன்று வீடுகளில் அதிகம் விரும்பப்படும் பொன்னிற வகை 1894இல் வந்தது. பேடு மூன்று கிலோவுக்கு மேல் நிற்கும். உடம்பு பாரம் என்பதால் உயரப் பறக்காது, ஓட்டமும் மெது. பிள்ளை தூக்கினால் பஞ்சுத் தலையணை போல் மடியில் இருக்கும். முட்டை ஆண்டுக்கு 150, 180 என்ற அளவில்தான். தீனி போட்டால் போட்டபடி தின்று கொழுத்துவிடும் என்பதையும் சொல்லவேண்டும்.

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை என்றால் அதன் கைக்கு ஓர்பிங்டன் பெரிது. அதற்குப் பெக்கின் குள்ளக்கோழி பொருந்தும். (பெக்கின் வாத்து வேறு, குழம்பவேண்டாம்.) முக்கால் கிலோவும் வராது. கால்விரல் வரை இறகு மூடியிருப்பதால் புல்லைக் கிளறிப் பாழாக்குவதும் குறைவு. ஆனால் அந்தக் கால் இறகில் மழைக்காலச் சேறு அப்பும், கழுவிக் காயவைக்கும் வேலை உங்களுடையது. சில்க்கி இன்னொன்று. இறகு பூனைமயிர் போல, தோல் கறுப்பு, காலில் ஐந்து விரல். எங்கள் அம்மம்மாமார் பார்த்தால் கருங்கோழி என்று மருந்துக்குக் கேட்பார்கள்! சாதுவிலும் சாது. ஆனால் அந்த இறகு மழைநீரைத் தடுக்காது, கூரையுள்ள இடம் கட்டாயம். மாரெக் என்ற நோய்க்கும் எளிதில் ஆளாகும், தடுப்பூசி போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். பெரிய இனங்களோடு சேர்த்து விட்டால் கொத்து வாங்குவது சில்க்கிதான்.

முட்டையும் வேண்டும், குணமும் வேண்டும் என்பவர்களுக்கு வெள்ளைச் சசெக்ஸ் நல்லது. ஆண்டுக்கு 200க்கு மேல் இடும், பயமில்லாமல் ஆளின் பின்னாலேயே வரும். கையில் பிஸ்கட் இருந்தால் பறித்துக்கொண்டு ஓடும் என்பதுதான் குறை. ஓர்பிங்டனில் இருந்து அவுஸ்திரேலியாவில் வளர்த்தெடுத்த அவுஸ்திரலோப்பும் அமைதியானது. 1922-23இல் அந்த இனத்தின் ஆறு பேடுகள் 365 நாளில் 1857 முட்டை இட்டன. அது போட்டிக் கணக்கு, வீட்டுக் கோழியிடம் எதிர்பார்க்கவேண்டாம். பண்ணைகளில் உள்ள மண்ணிறக் கலப்பினங்களும் மனிதரோடு நன்றாகப் பழகும், முதலாண்டில் 300 வரை இடும். ஆனால் அந்த உழைப்பில் உடம்பு சீக்கிரம் கெட்டுப்போகும். மூன்று நான்கு வயதில் சாகிற கோழிக்காக அழும் பிள்ளையைத் தேற்றுவதும் ஒரு செலவுதான்.

லெகோர்ன் நிறைய இடும், ஆனால் நிழலைக் கண்டாலும் பதறும். அசில் போன்ற சண்டைக்கோழி வகைகள் ஊர்ப் பெருமைக்குச் சரி, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். பிரம்மா சாதுதான், ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே அதன் சொண்டு நிற்கும்.

எந்த இனத்திலும் முரடு உண்டு. ஆகவே படத்தைப் பார்த்துக் காசு அனுப்பாமல் நேரில் போங்கள். வளர்ப்பவர் உள்ளே போகும்போது கோழிகள் சிதறி ஓடுகின்றனவா, காலடிக்கு வருகின்றனவா என்று கவனியுங்கள். தூக்கித் தரச் சொல்லுங்கள். பதினாறு, பதினெட்டு வாரப் பேடுகளாக, குறைந்தது மூன்றாக வாங்குங்கள். குஞ்சாக வாங்கினால் பாதி சேவலாகும். அதிகாலைக் கூவல் கவுன்சில் வரை முறைப்பாடாகப் போகும். பெக்கினும் சில்க்கியும் அடிக்கடி அடைகிடக்கும். அப்போது சாதுவும் கொத்தும் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். அடை வைத்துக் குஞ்சு பொரிக்கும் 21 நாள் வேடிக்கை எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும். பிறகு வரும் சேவல்களை யாரிடம் கொடுப்பது என்று அதற்கு முன் முடிவெடுங்கள்.

சட்டப் பக்கம் எங்கள் ஆட்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஊரில் மிஞ்சின சோறும் மரக்கறித் தோலும் கோழிக்குத்தான். இங்கே வீட்டுக் குசினிக்குள் வந்த எதையும் கோழிக்குப் போடுவது சட்டவிரோதம். பால், முட்டைகூட இல்லாமல் முற்றாகத் தாவர உணவோடு வாழும் வீட்டுக்கு மட்டும் விலக்கு. நாங்கள் சைவம் என்றாலும் நெய்யும் தயிரும் உள்ளே வருவதால் அந்த விலக்கு பொருந்தாது. தோட்டத்தில் பிடுங்கிய கீரையைக் குசினிக்குள் கொண்டுபோகாமல் நேரே போடலாம். அடுத்தது பதிவு. இங்கிலாந்து, வேல்ஸில் 2024 ஒக்ரோபர் 1 முதல் ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதியவேண்டும், ஸ்கொட்லாந்தில் அதற்கு ஒரு மாதம் முந்தி. பறவைக் காய்ச்சல் காலத்தில் அடைத்து வளர்க்கும்படி உத்தரவு வரும். அதனால் நடமாடும் இடத்துக்கும் கூரை போட்டே கட்டுங்கள், நரிக்கும் அதுவே பாதுகாப்பு. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். சொந்த வீட்டிலும் உறுதியில் கோழி வளர்க்கத் தடை எழுதியிருக்கலாம்.

கோழிக்கு ஒன்றும் செய்யாத சல்மனெல்லா கிருமி ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் படுக்கவைக்கும். தொட்டால் சோப் போட்டுக் கை கழுவவேண்டும். கோழிக்கு முத்தம் கொடுக்க விடவேண்டாம். கடையில் சிங்க முத்திரையோடு வரும் முட்டை தடுப்பூசி போட்ட கோழியினுடையது. வீட்டு முட்டைக்கு அந்த உத்தரவாதம் இல்லை, நன்றாக அவித்தே கொடுங்கள். பெரியபிள்ளையான பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கிற வழக்கமுள்ள வீடுகளில் இதைத் தெளிவாகப் பேசிக்கொள்ளவேண்டும்.

கணக்கும் பார்ப்போம். ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் தீனி தின்னும். மூன்றுக்கு ஆண்டில் 130 கிலோ, அதாவது ஏழு மூடை. மூடை 13 பவுண்ஸ் என்று வைத்தால் 91. கூடு 300 பவுண்ஸ், ஐந்து ஆண்டுத் தேய்மானத்தில் ஆண்டுக்கு 60. வைக்கோல், பேன் மருந்துக்கு 40. மொத்தம் 191. முட்டை 480 கிடைத்தால் ஒன்று 40 பென்ஸ். கோழி வாங்கின காசு இதில் சேரவில்லை. ஆகவே முட்டைச் செலவு குறையும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இந்தக் காசைப் பிள்ளையின் நீச்சல் வகுப்புப் போல ஒரு செலவாக எழுதுங்கள்.

கடைசியாக, வீட்டில் யாரும் முதலில் பேச விரும்பாத விஷயம். நல்லாய்ப் பராமரித்த கோழி ஆறு, எட்டு வருடம் இருக்கும். நன்றாக இடுவது முதல் இரண்டு மூன்று வருடம். ஊரில் இடாத கோழி ஞாயிற்றுக்கிழமைக் கறி, அதற்கு யாரும் பெயர் வைப்பதில்லை. இங்கே முதல் நாளே பிள்ளைகள் பெயர் வைத்துவிடுவார்கள். இடாத கோழிக்கும் தீனி போடச் சம்மதமா என்று பெரியவர்கள் இருவரும், கூட இருந்தால் அம்மம்மாவும், வாங்கப் போவதற்கு முன்பே பேசி முடிவெடுங்கள்.