அங்கமிழந்த தொழிலாளியும் மறுதொழிற் பயிற்சியும்: பெங்களூரை முன்வைத்து ஒரு வரலாற்று ஆராய்ச்சி

யந்திரத்தில் கையைப் பறிகொடுத்த தொழிலாளிக்குச் சட்டம் இரண்டு விதமாகப் பரிகாரம் செய்யக்கூடும்: இழந்த அங்கத்துக்கு ஒரு மதிப்பை நிர்ணயித்து அதைப் பணமாகக் கொடுத்துவிடுவது ஒன்று, எஞ்சிய அங்கங்களைக் கொண்டு அவன் மறுபடியும் ஜீவனம் செய்யத்தக்க வேறொரு தொழிலைக் கற்பித்து, கற்கும் காலத்தில் அவன் குடும்பம் பட்டினி கிடவாதபடி உதவித்தொகை அளிப்பது மற்றொன்று. முதற் பரிகாரம் நூறாண்டுக் காலமாகப் படிப்படியாக விருத்தியடைந்து நுட்பமான கணக்காக வளர்ந்திருக்க, இரண்டாவது மட்டும் ஏன் இன்றளவும் சட்டத்தின் ஓரத்திலேயே நிற்கிறது என்பதைப் பெங்களூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய மைசூர் ராஜ்யத்தில் யந்திரத் தொழிலின் அபாயத்தைப் பெருமளவில் அனுபவித்தவர்கள் கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள். அவர்களில் மிகப் பலர் வட ஆற்காடு முதலிய தமிழ் ஜில்லாக்களிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே காலூன்றியதும், 1902-இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் சுரங்கத்துக்கு வந்து சேர்ந்ததும் தொழிலின் பெருமையாக எழுதப்படுகின்றன. ஆழத்தில் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவதாலும், கல்தூசி நுரையீரலிற் படிவதாலும் உடலை இழந்தவர்களின் கதை அவ்வளவாக எழுதப்படுவதில்லை. பெங்களூரிலோ 1884-இல் தோன்றி, பின்னர் பின்னி ஆலையென்று பேர்பெற்ற பெரிய நெசவாலை நகரத்தின் முதல் தொழிலாளர் தலைமுறையை உருவாக்கிற்று.

அக்காலத்தில் விபத்துக்குள்ளான தொழிலாளி நஷ்டஈடு பெற வேண்டுமானால் முதலாளியின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் தானே நிரூபிக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்து 1897-ஆம் ஆண்டிலேயே இந்தச் சுமையை நீக்கிவிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை முதல் தேதியன்று அமலுக்கு வந்தது. யாருடைய தவறு என்று தேடாமல், விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேர்ந்ததா என்பதை மட்டும் கேட்ட வகையில், அது மகத்தான முன்னேற்றமே. ஆனால் அது அளித்தது ஒரே தவணையில் ஒரு தொகை. அங்கங்களின் இழப்பைச் சம்பாதிக்கும் சக்தியின் நூற்றுவீதமாக மாற்றிக் காட்டும் அட்டவணையே அதன் உயிர்நாடி: இன்று வழங்கும் அட்டவணைப்படி ஒரு கை மணிக்கட்டோடு போனால் 60, நான்கு விரல்கள் போனால் 50, கட்டைவிரல் போனால் 30, ஆள்காட்டி விரல் போனால் 14, சுண்டுவிரல் போனால் 7. மொத்தமாகக் கைக்கு வரும் பணம் பழைய கடனுக்கும் வீட்டுச் செலவுக்கும் போய்விட்ட பிறகு அந்த மனிதன் எதைச் செய்து பிழைப்பான் என்ற கேள்விக்கு அட்டவணையில் இடமில்லை.

அக்கேள்வியை உலகம் அப்போது கேட்காமலில்லை. போர்வீரர்களைப் பொறுத்தவரையில் கேட்டது. முதலாம் உலக யுத்தத்தில் அங்கமிழந்த இந்தியச் சிப்பாய்களுக்காக, பம்பாய் கவர்னரின் மனைவியான வில்லிங்டன் சீமாட்டியின் முயற்சியால், 1917-இல் பம்பாயில் ராணி மேரி தொழிற்பள்ளி நிறுவப்பட்டது. அது பின்பு புனேயை அடுத்த கட்கிக்கு மாற்றப்பட்டது. அமெரிக்கா 1918-இல் போர்வீரர்களுக்கு வகுத்த தொழிற் பயிற்சித் திட்டத்தை இரண்டே ஆண்டுகளில் சாதாரணப் பிரஜைகளுக்கும் விரித்தது. இங்கிலாந்து 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தால், ஊனம் எக்காரணத்தால் நேர்ந்ததாயினும், பயிற்சி பெறும் வழியைத் திறந்துவிட்டது. போர்க்களத்தில் கற்ற பாடம் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்த வரலாறு அந்நாடுகளுடையது. நம் நாட்டில் அப்பாடம் கட்கியிலேயே தங்கிவிட்டது.

அதே 1944-ஆம் ஆண்டில் பேராசிரியர் பி. பி. அடார்கர் தொழிலாளர் ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் பற்றிய தம் அறிக்கையைச் சர்க்காரிடம் அளித்தார். அதிலிருந்து முளைத்ததே 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டம், அதாவது ஜனங்கள் சொல்லும் இ.எஸ்.ஐ. ஜவாஹர்லால் நேரு அதை 1952 பிப்ரவரி 24-ஆம் தேதி கான்பூரில் தொடங்கிவைத்தார். பெங்களூருக்கு அது 1958-இல் வந்தது. மொத்தத் தொகை மறைந்து, நிரந்தர ஊனமுற்றவனுக்கு ஆயுள் முழுவதும் மாதாமாதம் உதவித்தொகை கிடைக்கலாயிற்று. அவன் வேறு வேலையில் எவ்வளவு சம்பாதித்தாலும் அது குறைவதில்லை என்பது இச்சட்டத்தின் பெருந்தன்மை. புதுத் தொழில் கற்றால் பழைய உதவி போய்விடுமோ என்ற அச்சத்துக்கே இடமில்லை. ஆனால் சுரங்கங்களை இச்சட்டம் விலக்கிவிட்டபடியால், 2001-இல் சுரங்கம் மூடப்படும் வரையில் தங்கவயல் தொழிலாளிக்குப் பழைய நஷ்டஈட்டுச் சட்டமே கதியாயிற்று.

இ.எஸ்.ஐ. சட்டத்தின் 19-ஆம் பிரிவை நான் மிகுந்த சிரத்தையோடு பலமுறை படித்திருக்கிறேன். ஊனமுற்ற தொழிலாளியின் புனர்வாழ்வுக்கும் மறுவேலைக்கும் இ.எஸ்.ஐ. கழகம் தன் நிதியிலிருந்து செலவிடலாம் என்று அது அனுமதிக்கிறது. சிகிச்சையும் உதவித்தொகையும் தொழிலாளியின் உரிமைகளாயிருக்க, பயிற்சி மட்டும் கழகத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது. 73-ஆம் பிரிவோ, தற்காலிக ஊன உதவி பெறும் காலத்தில் தொழிலாளியை வேலைநீக்கம் செய்யலாகாது என்று காக்கிறது. காயம் ஆறி, மருத்துவ வாரியம் அவனுடைய நூற்றுவீதத்தை நிர்ணயிக்கும் நாளில், அதாவது மறுபடியும் வேலைக்குப் போக வேண்டிய அதே நாளில், அந்தக் காப்பு முடிந்துவிடுகிறது. இந்த இடைவெளியே நம் சட்டத்தின் பெருங்குறை என்பது என் அபிப்பிராயம்.

எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். போன்ற பெரும் பொதுத்துறை ஆலைகள் பெங்களூரில் எழுந்த காலத்தில் இவ்விடைவெளி கண்ணுக்குத் தெரியவில்லை. சங்க பலமுள்ள பெரிய ஆலைகளில் விரலிழந்தவனை ஸ்டோருக்கோ வாசலுக்கோ மாற்றி, லைட் டூட்டி என்று வைத்துக்கொள்வது வழக்கம். அது தயவு, திறமை வளர்ச்சியன்று. எனினும் சம்பளம் நிலைத்தது. பிறகு பெங்களூரின் பீன்யாப் பகுதியிலுள்ள சிறு தொழிற்கூடங்களுக்கு உற்பத்தி பரவியபோது அந்தத் தயவுக்கும் ஆதாரம் போயிற்று. பத்து இருபது பேர் வேலைசெய்யும் பிரஸ் ஷாப்பில் லைட் டூட்டி என்பதற்கு ஏது இடம்? அங்கே தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் போவது பெரும்பாலும் விரல்களே என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

பயிற்சி நிலையங்கள் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. மத்திய சர்க்கார் 1968-இல் பம்பாயிலும் ஹைதராபாத்திலும் ஊனமுற்றோர் தொழிற் புனர்வாழ்வு நிலையங்களைத் தொடங்கியது. அவ்வரிசையில் பின்னர் சென்னைக் கிண்டியிலும் பெங்களூர் ஓசூர் சாலையிலும் நிலையங்கள் ஏற்பட்டன. அதற்கு முன்பே, 1959-இல், தாமே இளம்பிள்ளை வாதத்தால் நடமாட்டம் இழந்த என். எஸ். ஹேமா என்னும் அம்மையார் பெங்களூரில் நிறுவிய ஊனமுற்றோர் சங்கம் யந்திர வேலையும் தோட்டக்கலையும் கற்பித்து வருகிறது. இதே பெங்களூரில் 1975-இல் கடற்படைத் தேர்வொன்றில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் என்ற மாணவர், 1981-இல் தம் ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார் என்பதையும் தமிழ் வாசகர்கள் நினைவுகூர வேண்டும். தனிமனிதரின் வைராக்கியம் செய்ததைச் சட்டம் செய்யாதிருப்பது வருந்தத்தக்கது.

நீதிமன்றங்கள் ஒரு வழியில் இக்குறையை உணர்ந்தன. சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்கையில் விழுந்து இடது கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கில், அட்டவணை என்ன கூறினும் ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாதாகையால் அது முழு ஊனமே என்று உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தொழிலை இழந்தவன் யாவற்றையும் இழந்தவன் என்ற இத்தீர்ப்பின் நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வேறொரு தொழிலைக் கற்பிக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை என்பதற்கும் அதுவே சாட்சியாகிறது.

இ.எஸ்.ஐ. கழகம் இப்போது தொழிற் புனர்வாழ்வு உதவித்தொகை ஒன்றை வழங்குகிறது: பயிற்சிக் கட்டணம் அல்லது நாளொன்றுக்கு 123 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது. அதைப் பெற ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாதிருக்க வேண்டும். வயது 45-க்கு மேற்படலாகாது. மேலே சொன்ன அட்டவணையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டைவிரலை இழந்த லேத் தொழிலாளிக்கு 30. மூன்று விரல்களை இழந்த பிரஸ் தொழிலாளிக்கும் 30. இருவரும் பழைய வேலைக்குப் போக முடியாதவர்கள். இருவரும் பயிற்சிக்குத் தகுதியற்றவர்கள். பெங்களூரின் தொழிற்கூடங்கள் எந்தக் காயத்தை அதிகம் உண்டாக்குகின்றனவோ, அதையே இவ்விதி வெளியே நிறுத்துகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பணியின்போது ஊனமுற்றவரை வேலைநீக்கம் செய்யலாகாதென்று விதித்தாலும், அந்தக் காப்பு சர்க்கார் ஸ்தாபனங்களோடு நின்றுவிடுகிறது. தனியார் பிரஸ் ஷாப்பை அது எட்டவில்லை.

1923-ஆம் ஆண்டுச் சட்டமும் 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இப்போது ஒன்றாக்கப்பட்டுள்ளன. பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் இத்தருணத்தில், தொழிலாளியின் தொழில் எது என்பதைக் கேட்காத 40 சதவீத வரம்பை நீக்கி, பழைய வேலைக்குத் திரும்ப இயலாதவர் யாவராயினும் பயிற்சி பெறும் உரிமையுடையவர் என்று விதிகளில் எழுத வேண்டும்; வேலைநீக்கத்துக்கு எதிரான காப்பும் அப்பயிற்சி முடியும் நாள் வரை நீள வேண்டும். கர்நாடகத் தொழிலாளர் இலாகாவும், இ.எஸ்.ஐ. கழகமும், பீன்யாவின் தொழிற்சங்கங்களும் இதைத் தங்கள் முதற் கோரிக்கையாக ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.