அடுக்கு உலோக ஆக்சைடுப் பூச்சு

ஒளியின் சக்தியால் ரசாயனக் கிரியையைத் துரிதப்படுத்தும் பொருட்டு, வெவ்வேறு உலோக ஆக்சைடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய படலங்களாகப் படியவைத்து அமைக்கும் பூச்சு. டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயின் மீது ஒளியைச் செலுத்தி ஜலத்தைப் பிரிக்கலாமென்று ஜப்பானிய விஞ்ஞானிகளான புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் அறிவித்தனர். ஆயினும், அப்பொருள் சூரிய ஒளியில் சொற்பமாகவே உள்ள புற ஊதாக் கதிரை மட்டும் கிரகிப்பதும், ஒளியால் கிளர்ந்த எலெக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் கிரியைக்கு முன்னரே மீண்டும் கூடிவிடுவதும் பெருங்குறைகளாயின. இக்குறைகளைத் தணிக்க டங்ஸ்டன் ஆக்சைடின்மேல் பிஸ்மத் வனடேட்டைப் பூசினால், ஏறத்தாழ 2.4 எலெக்ட்ரான் வோல்ட் சக்திப்பட்டை இடைவெளியுள்ள அம்மேற்படலம் கண்ணுக்குப் புலனாகும் நீல ஒளியையும் கிரகிக்க, எலெக்ட்ரான்கள் சக்தி மட்டம் தாழ்ந்த டங்ஸ்டன் ஆக்சைடுக்கு இறங்கி மின்சுற்றை அடைய, துளைகள் மேற்பரப்பிலேயே தங்கி ஜலத்திலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கின்றன. மேற்படலம் தடித்தால் எலெக்ட்ரான்கள் வழியிலேயே வீணாகும். மெலிந்தால் ஒளி கிரகிப்புக் குன்றும். ஆதலின் கனத்தை அளவறிந்து அமைப்பதே இப்பூச்சின் வெற்றிக்கு ஆதாரமாகும்.