தெரிவும் விடுதலையும்: அகுஸ்தீனார் முதல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை

மனித சித்தத்துக்குச் சுதந்திரம் உண்டா என்ற கேள்வியை, பண்டைய கிறிஸ்தவ ஆசிரியர்களான பெலாகியுஸ், அகுஸ்தீனார் இருவரின் வழக்காகச் சுருக்கிச் சொல்வது பாடநூல்களின் வழக்கம். ஒருவர் சித்தத்தின் பக்கம், மற்றவர் அருளின் பக்கம். அகுஸ்தீனாரின் நூல்களை ஆண்டு வரிசையில் படிப்பவர்களுக்கு இந்தப் பிரிப்பு போதாது. சித்தத்தின் சுதந்திரத்தை நிலைநாட்ட மூன்று பாகங்களில் நூல் எழுதியவர் அவரே.

388 அளவில் ரோமில் தொடங்கி 395 அளவில் வட ஆப்பிரிக்காவில் முடித்த அந்நூல் மானிக்கேயரை மறுக்க எழுந்தது. தீமை என்பது இருளின் தனி ஆற்றல் என்று போதித்த அவர்களோடு அகுஸ்தீனாரும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இருந்தவர். தீமையின் வேர் மனிதன் தானே எடுக்கும் முடிவு என்று நிறுவினால்தான் படைத்தவர்மேல் பழி விழாது. ஆனால் அடுத்த ஓரிரு ஆண்டுகளில், உரோமையர் திருமுகத்தின் 9ஆம் அதிகாரம் பற்றி மிலானின் சிம்பிளிசியானுஸ் அனுப்பிய வினாக்களுக்கு விடை எழுதுகையில் அவர் நிலை மாறியது. பிறக்குமுன்பே யாக்கோபு தெரிந்துகொள்ளப்பட்டதற்கு எந்தத் தகுதியையும் காரணமாகக் காட்ட முடியவில்லை. சித்தத்துக்காகப் போராடியும் அருளே வென்றது என்று முதுமையில் அவரே பதிவு செய்தார். பெலாகியுஸோடு வழக்கு மூள்வதற்கு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் முன்பே நேர்ந்த திருப்பம் இது.

பெலாகியுஸை ஆணவக்காரராகச் சித்தரிப்பது அநீதி என்றே கருதுகிறேன். பெயரளவுக் கிறிஸ்தவம் மலிந்த ரோமில் அவர் கவலைப்பட்டது ஒழுக்கத்தைப் பற்றி. இயலாததைக் கடவுள் கட்டளையிடுவாரா என்ற அவர் கேள்வி நியாயமானது. 415இல் பாலஸ்தீனத்தின் தியோஸ்போலிஸ் ஆயர் மன்றம் அவரைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. ஆனால் 418இல் கார்த்தேஜ் சங்கம் அவர் போதனையைக் கண்டித்தது.

அந்தத் தீர்ப்பைவிட நிலைத்த பயன் தந்தது 426-427இல் வட ஆப்பிரிக்காவின் ஹத்ருமேத்தும் ஊர்த் துறவிகளுக்கு அகுஸ்தீனார் எழுதியது. எல்லாம் அருள் என்றால் தவறியவனைக் கண்டிப்பது ஏன் என்பது அங்கே எழுந்த சிக்கல். விடை தேடுகையில் அவர் இரு நிலைகளை ஒப்பிட்டார். முதல் மனிதனுக்குப் பாவம் செய்யாதிருக்க இயலும். விண்ணகத்தாருக்கோ பாவம் செய்யவே இயலாது. இரண்டாவதே பெரிய விடுதலை என்றார் அவர். தெரிவு செய்யும் ஆற்றல் வீழ்ச்சிக்குப் பின்னும் மனிதனிடம் உண்டு. நன்மையை நாடி அதில் மகிழும் விடுதலையைத்தான் அவன் இழந்தான். அதை அருள் மீட்டுத் தருகிறது.

இந்த வேறுபாட்டின்மேல்தான் பின்வந்த நூற்றாண்டுகள் கட்டின. 529இல் ஒராஞ்சு சங்கம் அருளின் முதன்மையை ஏற்றது. கடவுள் எவரையும் தீமைக்கென முன்குறித்தார் என்பதை மறுத்தது. 1080களில் அன்செல்ம் இன்னும் கூர்மையாக வாதிட்டார்: கடவுளால் பாவம் செய்ய இயலாது, ஆயினும் அவர் சுதந்திரர், எனவே பாவம் செய்யும் வல்லமை சுதந்திரத்தின் பகுதியே அல்ல. 1520இல் கிறிஸ்தவனின் சுதந்திரத்தைக் கொண்டாடிய லூத்தர், சித்தத்தின் சுதந்திரத்தை ஆதரித்த எராஸ்முஸை மறுத்து 1525இல் சித்தத்தின் அடிமைநிலையை எழுதியதும் இதே மரபின் நீட்சியே. ஆயினும் அகுஸ்தீனார் காத்த தெரிவாற்றலை அவர் பெரிதும் சுருக்கிவிட்டார்.

இந்த மரபுக்குள் ஓர் ஆபத்தும் உண்டு. நன்மையில் நிலைப்பதே விடுதலை என்றால், ஒருவரை வலுவில் நன்மைக்கு இழுத்து வருவதும் விடுவிப்பதாகிவிடாதா? வட ஆப்பிரிக்காவில் திருச்சபையிலிருந்து பிரிந்து நின்ற தொனாத்துஸ் பிரிவினர்மீது 405இல் பேரரசின் ஆணை பாய்ந்தபின் அகுஸ்தீனார் அந்த வழியில் போனார். அப்பிரிவிலிருந்து கிளைத்த குழுவொன்றின் ஆயர் வின்சென்சியுஸுக்கு 408 அளவில் எழுதிய மடலில், முன்பு வற்புறுத்தலை எதிர்த்த தாம் மாறியதை ஒப்புக்கொண்டு, சட்டத்துக்கு அஞ்சித் திரும்பிய தம் ஊரையே சான்றாகக் காட்டினார். பிற்கால ஒடுக்குமுறைகளுக்கு இந்த வாதம் துணைபோனது. அருள் உள்ளிருந்து விருப்பத்தையே மாற்றுகிறது என்பது அவருடைய சொந்தப் போதனை. அபராதமும் நாடுகடத்தலும் வெளியிலிருந்து அச்சத்தையே விளைவிக்கும். தம் ஆழமான கருத்தையே அவர் இங்கே கைவிட்டார் என்பது என் முடிவு.

1965 டிசம்பர் 7 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமய சுதந்திர அறிக்கை, நம்பிக்கை தன் இயல்பிலேயே சுதந்திரமான செயல், எவரையும் அதற்குக் கட்டாயப்படுத்தலாகாது என்றது. அதற்கு அது காட்டும் பண்டைய சான்றுகளில் அகுஸ்தீனாரும் இருக்கிறார். மேற்கோளாக எடுக்கப்பட்டவற்றுள் ஒன்று, வின்சென்சியுஸ் மடலுக்குச் சில ஆண்டுகள் முன்பு தொனாத்துஸ் பிரிவின் ஆயர் பெத்திலியானுஸை மறுத்து அவர் எழுதிய நூல்.