கட்டைவிரலும் லெட்டர்பேடும்

அமெரிக்க நகரங்களின் எளிய பகுதிகளில், மதுக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில், பளிச்சென்று விளக்கு எரியும் ஒரு கடை அநேகமாக இருக்கும். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சம்பளச் செக்கை நீட்டினால் தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாக எண்ணித் தருவார். செக் மாற்றும் கடை. நம் ஆட்கள் இதற்குள் நுழைவது அபூர்வம். எச்1பி விசாவில் வந்து இறங்கிய சில நாட்களிலேயே வங்கிக் கணக்கு திறந்துவிடுகிறோம், சம்பளம் நேராக அதில் விழுந்துவிடுகிறது. பணப் பரிமாற்றம் சார்ந்த மென்பொருள் எழுதும் வேலைக்கு வந்த பிறகுதான் இந்தக் கடைகளுக்கான சட்டங்களைப் படிக்கும் தேவை எனக்கு வந்தது. தேவை முடிந்த பிறகும் படித்துக்கொண்டே இருந்தேன். காரணம் ஒரு கேள்வி. "நீ யார், நிரூபி" என்று இந்தச் சட்டங்கள் யாரைக் கேட்கின்றன? யாரைக் கேட்காமல் விடுகின்றன?

சிகாகோவிலிருந்து தொடங்கலாம். 1929க்குப் பிறகு வந்த பெருமந்தத்தில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடின. இல்லினாய் மாநிலத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது: ஒரு வங்கி கிளைகள் திறக்க அங்கே சட்டத்தில் இடமில்லை. பேட்டையில் இருந்த வங்கி சாத்தப்பட்டால், நகரத்தின் பெரிய வங்கி அங்கே ஒரு கிளை போட்டுவிட முடியாது. ஆனால் முதலாளிகள் செக்கில் சம்பளம் கொடுப்பது நிற்கவில்லை. செக்கை நீட்டி மளிகை வாங்க முடியுமா? அந்த இடைவெளியில் முளைத்தவைதான் ‘கரன்சி எக்ஸ்சேஞ்ச்’ எனப்பட்ட கடைகள்.

1943ல் இல்லினாய் இவற்றுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. கடை வைக்க லைசென்ஸ் வேண்டும். அந்தக் கடையால் வட்டாரத்துக்கு வசதி உண்டு என்று காட்ட வேண்டும். சம்பள நாளன்று தொழிற்சாலைக்கே பணத்தோடு போய்ச் செக் மாற்றிக் கொடுக்கும் ‘நடமாடும்’ கடைகளுக்கும் அதில் தனிப்பிரிவு உண்டு. அடுத்த வருடமே, 1944ல், நியூயார்க் மாநிலமும் செக் மாற்றுபவர்களை லைசென்ஸுக்குள் கொண்டுவந்தது.

இல்லினாய் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. மணியார்டர் விற்பதையும் அது கட்டுப்படுத்தியது. ஆனால் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போன்ற சில அமைப்புகளுக்குப் பெயர் சொல்லியே விலக்கு கொடுத்தது. பெட்டிக்கடைகள், மருந்துக்கடைகள் வழியாக மணியார்டர் விற்ற ஒரு சிறு நிறுவனத்தின் கூட்டாளிகள் வழக்குப் போட்டார்கள். மோரி எதிர் டவுட் என்ற அந்த வழக்கில் 1957ல் உச்ச நீதிமன்றம், ஒரே ஒரு கம்பெனியைப் பெயர் சொல்லித் தனியே வைப்பது சமநீதி ஆகாது என்றது. 1976ல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் இந்தத் தீர்ப்பைக் கைவிட்டுவிட்டது. பெரிய பெயர் இருந்தால் நம்பலாம், சின்ன ஆள் என்றால் நிரூபிக்க வேண்டும். இந்த மனப்பாங்கு சட்டத்தின் எழுத்திலேயே ஏறியிருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, கடைக்காரரின் பயம் என்ன? ஒரு செக்கில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: எழுதிக் கொடுத்தவர், வாங்கி வந்தவர். கொடுத்தவர் கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் நஷ்டம், வாங்கி வந்தவர் வேறொருவரின் செக்கைத் திருடி வந்திருந்தாலும் நஷ்டம். முதலாமவர் கடைக்கு வருவதே இல்லை. இரண்டாமவர் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறார். எனவே கேள்வியெல்லாம் அவரிடம்தான்.

அவர் எதைக் காட்டுவார்? தேசிய அடையாள அட்டை என்ற ஒன்று அமெரிக்காவில் கிடையாது. 1936ல் சமூகப் பாதுகாப்பு எண் வந்தபோது அந்த அட்டையில் படமும் இல்லை, விரல் ரேகையும் இல்லை. ஓய்வூதியக் கணக்கு எழுதுவதற்கான வெறும் எண் அது. 1938ல் நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் ஊரில் பர்ஸ் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று, அட்டை எவ்வளவு அழகாக உள்ளே பொருந்துகிறது என்று காட்டுவதற்காக ஒவ்வொரு பர்ஸிலும் ஒரு மாதிரி அட்டையை வைத்தது. அதில் அச்சிட்டது நிறுவன அதிகாரியின் செயலாளராக வேலை செய்த பெண்ணின் உண்மையான எண். பர்ஸ் வாங்கியவர்களில் பலர் அதையே தங்கள் எண் என்று எடுத்துக்கொண்டார்கள். 1943ல் மட்டும் 5,755 பேர் அந்த எண்ணைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மொத்தம் 40,000 பேருக்கு மேல் அதைத் தங்கள் எண்ணாகச் சொல்லியிருப்பதாக சமூகப் பாதுகாப்பு நிர்வாகமே எழுதி வைத்திருக்கிறது. ‘அடையாளத்துக்கு அல்ல’ என்ற வாசகத்தை 1946 முதல் அட்டையிலேயே அச்சிட்டார்கள். யார் கேட்டார்கள்? எல்லாக் கவுன்டரிலும் அடையாளத்துக்கு அதையே கேட்டார்கள். 1972ல் அந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள்.

போலி அடையாளத்தை ஆராய 1974ல் அமெரிக்க நீதித்துறை ஒரு கூட்டாட்சி ஆலோசனைக் குழுவை அமைத்தது. 1976ல் வந்த அதன் அறிக்கை விவரித்த ஒரு முறை மனதை விட்டுப் போகாது. பச்சிளம் வயதில் இறந்த ஒரு குழந்தையின் பெயரைக் கண்டுபிடி. அந்தப் பெயரில் பிறப்புச் சான்றிதழின் நகலை வாங்கு. அதைக் காட்டி ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொள். இதில் எந்த ஆவணமும் போலி இல்லை. எல்லாம் அரசாங்கம் கொடுத்த அசல். பிறப்புப் பதிவேடும் இறப்புப் பதிவேடும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். என் தொழில் மொழியில் சொன்னால், இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன, அவற்றை இணைக்கும் வரி ஒன்றை யாரும் எழுதவில்லை. 1982ல் போலி அடையாளக் குற்றத்துக்கென்று கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அது அட்டையைத் தயாரிப்பவனையும் கைமாற்றுபவனையும் தண்டித்தது. பதிவேடுகளைச் சேர்த்து வைப்பது அதன் வேலையல்ல.

இதற்கிடையில் கறுப்புப் பணத்தைத் துரத்தும் சட்டங்கள் வந்தன. 1970ன் வங்கி ரகசியச் சட்டத்தின் கீழ், ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கைமாறினால் அரசாங்கத்துக்கு அறிக்கை போக வேண்டும். 1994ன் சட்டமும் 1999ன் விதிகளும் செக் மாற்றும் கடைகளைக் கூட்டாட்சி அரசிடம் பதிவு செய்துகொள்ள வைத்தன. ஆக, 21ஆம் நூற்றாண்டு பிறக்கும்போது லைசென்ஸ், கமிஷன் உச்சவரம்பு, பதிவு, அறிக்கை எல்லாமே காகிதத்தில் தயார்.

அந்த நிலையில் புளோரிடாவில் என்ன நடந்தது?

அங்கே கட்டுமானத் தொழில் மும்முரமாக இருந்த காலம். கூரை போடுபவர், சுவர் பூசுபவர் எல்லோருக்கும் முதலாளி இழப்பீட்டுக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பது சட்டம். கூரை வேலைக்குப் பிரீமியம் மிக அதிகம். அதைத் தவிர்க்க ஒரு வழி இருந்தது. ஒரு பினாமியின் பெயரில் லெட்டர்பேட் கம்பெனி ஒன்றைத் தொடங்குவார்கள். அதற்கு ஆளும் கிடையாது, ஏணியும் கிடையாது. "எங்களிடம் இரண்டு மூன்று பேர்தான்" என்று சொல்லிக் குறைந்தபட்சக் காப்பீடு ஒன்றை வாங்கிவிடுவார்கள். பிறகு அந்தக் காப்பீட்டுச் சான்றிதழைக் காப்பீடு இல்லாத மேஸ்திரிகளுக்கு வாடகைக்கு விடுவார்கள். பெரிய ஒப்பந்ததாரர் கூலிப் பணம் முழுவதையும் லெட்டர்பேட் கம்பெனி பெயரில் செக்காக எழுதுவார். அந்தச் செக் வங்கிக்குப் போனால் சுவடு இருக்கும். எனவே செக் மாற்றும் கடைக்குப் போகும். கடை தன் கமிஷனை எடுக்கும், லெட்டர்பேட்காரர் தன் பங்கை எடுப்பார், மீதி ரொக்கம் மேஸ்திரி கையில். தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, வரிப்பிடித்தம் கிடையாது. கூரையிலிருந்து விழுந்தால் "இவர் எங்கள் ஆளே இல்லை" என்று எல்லோரும் சொல்லலாம். காகிதப்படி அது உண்மையும்கூட.

2008 மார்ச்சில் புளோரிடாவின் மாநிலப் பெருநடுவர் குழு இந்தக் கடைகளைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு மாநிலம் சட்டத்தைத் திருத்தி எழுதியது. 1,000 டாலர் அளவுக்கு மேற்பட்ட செக் என்றால் கொண்டுவந்தவரின் அடையாள அட்டை நகல் வேண்டும். அவருடைய கட்டைவிரல் ரேகையும் பதிய வேண்டும். நல்ல விதிதான். அட்டை பொய் சொல்லலாம், விரல் சொல்லாது. ஆனால் பினாமியின் அட்டை நிஜம், விரலும் நிஜம். பொய்யாக இருந்தது அவர் பெயரில் இருந்த கம்பெனி. அந்தச் செக்கை எழுதிய ஒப்பந்ததாரரின் விரலை யாரும் கேட்கவில்லை.

விரல் ரேகை என்று வந்ததும் நமக்கு வேறொரு கதை ஞாபகம் வர வேண்டும். 1858ல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாயின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதிய வைத்தார். பின்னர் சொன்ன சொல் மறுக்கக்கூடாது என்பதற்காக. 1877ல் ஹூக்ளியில், ஓய்வூதியம் வாங்க வருபவர்களிடம் விரல் ரேகை எடுத்தார், அஞ்சியது ஆள்மாறாட்டத்துக்கு. அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோரின் உழைப்பில் வளர்ந்த வகைப்படுத்தும் முறை ‘ஹென்றி முறை’ என்று மேலதிகாரியின் பெயரில் உலகம் சுற்றியது. கவனித்தால், ஒப்பந்தத்தில் கை பதித்தது ஒரு பக்கத்தார் மட்டுமே. நம் மொழியில் ‘கைநாட்டு’ என்பது இன்றைக்கும் வசைச்சொல். அதே கைநாட்டைத்தான் அமெரிக்க வங்கிகள் 1990களில், கணக்கு இல்லாமல் செக் மாற்ற வருபவர்களிடம் கேட்க ஆரம்பித்தன. பால்டிமோரில் ஒருவர் 976 டாலர் செக்குக்கு ரேகை வைக்க மாட்டேன் என்று வழக்காடினார். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினேன், போதாதா என்பது அவர் வாதம். வங்கி ரேகை கேட்டது நியாயமான அடையாளக் கோரிக்கைதான் என்று மேரிலாந்தின் உயர்ந்த நீதிமன்றம் 2003ல் சொல்லிவிட்டது.

புளோரிடாவில் நிஜமான மாற்றம் 2013ல் வந்தது. 1,000 டாலரைத் தாண்டும் ஒவ்வொரு செக்கையும் கடைக்காரர் மாநிலத் தரவுத்தளத்தில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தத் தரவுத்தளம் கம்பெனிப் பதிவேட்டோடும் காப்பீட்டுப் பதிவேட்டோடும் இணைக்கப்பட வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. மூன்று பேர் வேலை செய்வதாகச் சொன்ன கம்பெனியின் பெயரில் லட்சக்கணக்கான டாலர் செக் மாறுகிறதா? பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும். 1976 அறிக்கையில் பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவில் விடுபட்டிருந்ததே, அதே இணைப்பு வரி. விரலைக் கேட்டு ஐந்து வருடம் கழித்துத்தான் அது எழுதப்பட்டது.

ஏன் இந்த வரிசை? என் அனுபவத்தில் பதில் எளிது. கவுன்டரில் நிற்பவரிடம் இன்னொரு ஆவணம் கேட்க ஒரு வரி விதி போதும், செலவும் அவருடையது. இரண்டு அலுவலகங்களின் பதிவேடுகளைச் சேர்க்க வேண்டுமென்றால் பட்ஜெட் வேண்டும், இரண்டு துறைத் தலைவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும், செக் எழுதும் முதலாளிகள் முகம் சுளிப்பதையும் பொறுக்க வேண்டும். எந்தக் கூட்டத்திலும் முதலாவதுதான் முதலில் ஓகே ஆகும்.

இதை அலட்சியமாக விட்டுவிட முடியாது. அமெரிக்காவில் 2023ல் 4.2 சதவீதக் குடும்பங்களுக்கு வங்கிக் கணக்கே இல்லை. கறுப்பினக் குடும்பங்களில் அது 10.6 சதவீதம். தெற்கு பிராங்ஸில் இப்படி ஒரு கடையில் கவுன்டர் வேலை பார்த்து ஆய்வு செய்த லிசா செர்வன், வாடிக்கையாளர்கள் அறியாமையால் அங்கே வருவதில்லை என்று எழுதினார்: பணம் உடனே கிடைக்கிறது, கட்டணம் பலகையில் தெரிகிறது, ஊழியருக்குத் தங்கள் பெயர் தெரிகிறது. அவர்களிடம் ஒவ்வொரு முறையும் புதிதாக நிரூபணம் கேட்பதை நாம் பாதுகாப்பு என்று அழைக்கிறோம். மறுபக்கம், 2023 ஆகஸ்டில் கருவூலத் துறையின் பின்சென் அமைப்பு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. கட்டுமானத் தொழிலில் லெட்டர்பேட் கம்பெனிகள், வாடகைக் காப்பீட்டுச் சான்றிதழ், செக் மாற்றும் கடை. பதினைந்து வருடத்துக்கு முன் பெருநடுவர் குழு விவரித்த அதே ஏற்பாடு, இப்போது நாடு தழுவி.

சிமென்ட்டிலும் செங்கலிலும் புழங்கும் கைகளில் ரேகை தேய்ந்துபோகும். நம்மூர் ரேஷன் கடையில் விரல் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சலித்த கொத்தனாரைக் கேட்டால் சொல்வார். காகிதத்தில் மட்டும் இருக்கும் கம்பெனிக்குத் தேய ஒன்றுமில்லை.