கீரை சேமிப்பில் ஒளியூட்டல்

அறுத்த கீரை மஞ்சளிக்காமல் இருக்க, சேமிப்பின்போது அதன்மீது அளவான ஒளி பாய்ச்சும் முறை. வேரைப் பிரிந்த பின்னும் இலை சுவாசிக்கிறது. இருட்டில் இருப்புச் சர்க்கரையைச் செலவழித்து, பச்சையம் சிதைந்து மூப்படைகிறது. இதைத் தள்ளிப்போட மங்கலான ஒளியே பல கீரைகளுக்குப் போதும். திருநீற்றுப்பச்சை இலைகளில் நாளுக்கு 2 மணி நேரச் சிவப்பொளியே மூப்பைத் தாமதப்படுத்தியது. ஒளிச்சேர்க்கைக்குப் போதாத அளவு அது. வேலை செய்தது பைட்டோகுரோம் என்னும் ஒளியுணர் நிறமி எனக் கருதப்படுகிறது.

அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 4 பாகை செல்சியஸில் கடை விளக்கொளிக்கு நிகரான தொடர் ஒளியில் இருந்த பாலக் கீரையில், இருட்டில் வைத்ததைவிட வைட்டமின் சி, கே, ஃபோலேட் கூடுதலாக இருந்தன. கடையின் கண்ணாடி அலமாரி விளக்கு வெறும் அலங்காரம் அல்ல.

குறையும் உண்டு. ஒளி பட்டால் இலைத்துளைகள் திறந்து நீர் வெளியேறும். மூடாத கட்டு சீக்கிரம் துவளும். 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியின் பணி வேறு: மேற்பரப்பு நுண்ணுயிர்களைக் கொல்வது. மிகுந்தால் இலை கருகும். எந்த ஒளியும் குளிர்பதனத்துக்குத் துணைதான், மாற்று அல்ல.