அமெரிக்க அணில் வேட்டையில் ரவைத் துப்பாக்கியும் ரவை அளவும்

அணில் வேட்டை என்பது ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் குடியேற்றக் காலம் முதல் வழக்கில் உள்ள சிறுவிலங்கு வேட்டையாகும். இது நம் ஊர் முற்றங்களில் ஓடும் மூன்று வரி அணில் அன்று. சுமார் அரைக் கிலோ எடையுள்ள சாம்பல் அணிலும், ஒரு கிலோவை எட்டக்கூடிய நரி அணிலுமே அங்கு வேட்டையாடப்படுகின்றன. அவற்றின் இறைச்சி உணவாகிறது. துப்பாக்கியையும் ரவையையும் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு கவனம் காட்டப்படுவதற்கு இதுவே முதற்காரணம்.

தொடக்கத்தில் அணில் பயிரை அழிக்கும் பகையாகவே கருதப்பட்டது. 1749இல் பென்சில்வேனியாவில் ஓர் அணிலுக்கு மூன்று பென்ஸ் பரிசு வழங்கப்பட்டது. இதற்குச் செலவான தொகை 8,000 பவுண்டு. அக்காலத்தில் ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். ஆகவே கொல்லப்பட்டவை 6,40,000 அணில்கள் என்று கணக்கிடலாம். ஒகையோவில் 1807ஆம் ஆண்டுச் சட்டம், வரி செலுத்துவோர் வரியுடன் அணில் தலைத்தோல்களையும் ஒப்படைக்க வேண்டும் என்றது.

அன்றைய குடியானவரிடம் இருந்தது நீண்ட குழல் ரைபிள். அதில் ஒரே குண்டு. உடலில் பட்டால் இறைச்சி பாழாகிவிடும். அணில் நிற்கும் கிளையின் பட்டையைச் சுட்டு, அந்த அதிர்ச்சியிலேயே அதை வீழ்த்தும் முறையை டேனியல் பூன் செய்து காட்டியதாகப் பறவையியலாளர் ஆடுபான் எழுதினார். இருவரும் சந்தித்தார்களா என்பதே வரலாற்றாளர்களின் ஐயம். ஆயினும் கதை நிலைத்துவிட்டது.

ரவை என்பது ஒரே தோட்டாவிலிருந்து சிதறிப் பாயும் சிறு ஈய உருண்டைகள். 1782இல் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ் இதற்கு ஒரு புதிய முறையைக் கண்டு காப்புரிமை பெற்றார். உருகிய ஈயத்தைச் சல்லடை வழியாக உயரத்திலிருந்து விழவிட்டால், துளிகள் விழும்போதே உருண்டையாகிக் கீழே உள்ள நீரில் இறுகும். மழைத்துளி போன்ற எளிய இயற்பியல்தான். 1828இல் பால்டிமோரில் 234 அடி உயர ரவைக் கோபுரம் எழுந்தது. ஒரே அளவான ரவை மலிவாகக் கிடைத்ததால், அளவுக்கேற்ப எண்ணிட்டு விற்க முடிந்தது.

இந்த எண்கள் மாணவர்களைக் குழப்பக்கூடியவை. எண் ஏற ஏற ரவை சிறுக்கும். அமெரிக்க முறையில் 17இலிருந்து ரவை எண்ணைக் கழித்தால் விட்டம் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்குகளில் கிடைக்கும். 6ஆம் எண் ரவை 0.11 அங்குலம், அதாவது 2.8 மில்லிமீட்டர். ஓர் அவுன்சில் ஏறத்தாழ 225 ரவைகள் அடங்கும். அணிலுக்கு இதுவே பொதுவான தேர்வு. ஏழரை எண் ரவைகள் எண்ணிக்கையில் மிகுதி. ஆனால் அணிலின் தோல் தடித்தது. தொலைவில் அவை ஆழமாக ஊடுருவாமல், காயம்பட்ட அணில் பொந்துக்குள் போய் வதைபட்டுச் சாகும். மிகப் பெரிய ரவையோ இடைவெளி விட்டுப் பாய்ந்து, படாமலே போகலாம். இலைகள் அடர்ந்த இலையுதிர்காலத் தொடக்கத்தில் அணில் அருகிலேயே தென்படும். 6ஆம் எண் போதும். இலை உதிர்ந்தபின் தொலைவு கூடுவதால் சிலர் 5 அல்லது 4ஆம் எண்ணை நாடுவர்.

துப்பாக்கிக் குழலின் அளவு கேஜ் எனப்படும். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டமே 12 கேஜ் குழலின் உள்விட்டம், சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 கேஜ் அதைவிடச் சிறியது, பொதுவாக எடையும் குறைவு. காடெல்லாம் நடப்பவருக்கு ஏற்றது. சிறுவர்களுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் 410 வகையில் ரவைகள் குறைவு. உண்மையில் அது தேர்ந்தவர் கைக்கே பொருந்தும். மிக அருகில் சென்றே சுட வேண்டும். சோக் எனப்படும் குழல்வாய்க் குறுக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியபின், ரவைகள் அதிகம் சிதறாமல் தொலைவு செல்லத் தொடங்கின.

நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை 1991 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. அணிலுக்கு அத்தடை இல்லை. கலிபோர்னியா மட்டும் 2019இல் எல்லா வேட்டைக்கும் ஈயத்தை விலக்கியது. மாற்றாக வந்த எஃகு ரவை எடை குறைந்தது. எனவே ஈயத்தில் 6ஆம் எண் இட்டவர் எஃகில் 4ஆம் எண் இட வேண்டும். எஃகு கடினமானதும் கூட. பாட்டனார் காலத்து இறுக்கமான சோக் கொண்ட குழல்களில் அதை இட்டால் குழலே சேதமடையலாம்.