தசை ஆற்றலும் கிரியேட்டினும்: ஒரு கொள்கை மாற்றத்தின் வரலாறு

பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1832இல் இறைச்சியிலிருந்து பிரித்தறிந்த கிரியேட்டினின் பணி, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் தெளிவுபடவில்லை. வேட்டையில் துரத்தப்பட்டு இறந்த நரிகளின் தசையில் அது மிகுந்திருப்பதை லீபிக் 1847இல் சுட்டினார். எனினும் 1920களில் ஹில், மையர்ஹோஃப் ஆகியோரின் ஆய்வுகளால், லாக்டிக் அமிலமே தசைச் சுருக்கத்தை இயக்குகிறது என்னும் கொள்கையே ஓங்கியிருந்தது.

மாற்றம் ஓர் அளவீட்டுச் சிக்கலிலிருந்து தொடங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று ஹார்வர்டு சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவும் அங்கு அவருக்கு வழிகாட்டிய சைரஸ் ஃபிஸ்கும், பாஸ்பேட்டை நிறச்செறிவால் அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டனர். தசைச் சாற்றில் நீலநிறம் தாமதித்தே முழுமையுற்றது. முறையின் குறையென அதனைத் தள்ளிவிடுவது எளிது, அவர்கள் தள்ளவில்லை. அமிலத்தில் எளிதிற் சிதையும் பாஸ்போகிரியேட்டின் 1927இல் இவ்வாறே வெளிப்பட்டது. (அதே ஆண்டில் இங்கிலாந்தில் எகில்டன் இணையரும் இப்பொருளைத் தனியே கண்டனர்.) தசை சுருங்குகையில் அது குறைந்தது, ஓய்வில் மீண்டும் உருவாயிற்று. லாக்டிக் அமிலம் தோன்றாதவாறு நஞ்சூட்டப்பட்ட தசையும் சுருங்குவதை 1930இல் லுண்ட்ஸ்கோர் காட்டியபின் பழைய கொள்கை நிலைக்கவில்லை. ஹில்லே இதனைப் புரட்சியென ஏற்றார்.

உணவுவழி அளிக்கும் கிரியேட்டின் தசையில் சேர்வதை ஹாரிஸ் குழுவினர் 1992இல் நிறுவினர். 5 கிராம் வீதம் நாள்தோறும் பலமுறை அளிக்கப்பட்டது. ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி தந்தோரிடம், அக்காலின் தசையே கூடுதலாக ஏற்றது.